எலுமிச்சைக்குள் புளிப்பைப் பூட்டி வைத்தது யார், தெரியுமா?

ரணகள்ளி இலையை விடியற்காலையில் கடித்தால் நாக்கு சுருங்கும் அளவுக்குப் புளிக்கும். அதே செடியின் இலை மத்தியானம் சப்பென்று இருக்கும், பொழுது சாயும்போது லேசாகக் கசக்கும். தெரியுமா? நம் ஊரில் 'கட்டிப்போட்டால் குட்டிப்போடும்' என்று பெயரெடுத்த செடிதான் இது. இலையைக் கட்டித் தொங்கவிட்டால் ஓரமெல்லாம் குட்டிச் செடி முளைப்பதைப் பார்த்து வாய்பிளந்தவர்கள் ஏராளம். அதை வேளாவேளைக்குச் சுவைத்துப் பார்த்து எழுதி வைத்தவர் பெஞ்சமின் ஹெய்ன். 1790களில் மொரேவிய மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்தவர், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர், 1819இல் சென்னையிலேயே காலமான ஜெர்மானியர். தன் தோட்டத்து ரணகள்ளியின் இந்த வேடிக்கையை அவர் லண்டனுக்குக் கடிதமாக எழுதினார். லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815இல் அது அச்சானது. செல் கொள்கை பிறக்கவே அப்போது இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது!

காலைப் புளிப்பு மத்தியானத்துக்குள் எங்கே போகிறது? பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும் என்பதால், ரணகள்ளி இரவில்தான் கார்பன் டை ஆக்சைடை வாங்குகிறது. இரவில் வெயில் கிடையாது, உடனே சர்க்கரையாக்க முடியாது. எனவே வாங்கியதை மாலிக் அமிலமாக்கி, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பெரிய நீர்ப்பைக்குள் இருப்பு வைக்கிறது. அமிலம் தானாக உள்ளே போய்விடுமா? போகாது! வாக்குவோலைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான சவ்வு. மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகளை அது அண்டவே விடாது. அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் புரதப் பம்புகள் இரவெல்லாம் புரோட்டான்களை உள்ளே தள்ளுகின்றன. அந்த நேர்மின்னூட்டம் இழுக்க, மாலிக் அமிலத்தின் எதிர்மின்னூட்டம் கொண்ட வடிவமான மாலேட் தனக்கென்று உள்ள இன்னொரு புரதத்தின் வழியே உள்ளே நுழைகிறது. விடியும்போது வாக்குவோலின் பிஎச் 4க்கும் கீழே இறங்கியிருக்கும். பகலில் மாலேட் வெளியே வந்து கார்பன் டை ஆக்சைடைத் திருப்பித் தர, இலைத்துளையை மூடிக்கொண்டே ஒளிச்சேர்க்கை நடக்கிறது. அன்னாசியும் சப்பாத்திக்கள்ளியும் செய்வது இதையேதான்.

பள்ளிக்கூடப் படங்களில் செல்லின் உள்ளுறுப்புகளை அழகாக நிறம் தீட்டிக் காட்டுவார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கு எப்படிப் போகிறது என்று மட்டும் யாரும் காட்டுவதில்லை. என்னைக் கேட்டால் செல்லின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. மனித மரபணுத் தொகுதியில் கரைபொருள்களைக் கடத்துவதற்கென்றே உள்ள ஒரே ஒரு பெருங்கூட்டத்தில் 400க்கும் மேற்பட்ட மரபணுக்கள்! கடத்திப் புரதங்கள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். புளிப்பு, நிறம், நஞ்சு, மருந்து, பலம் எல்லாவற்றிலும் இவற்றின் கை இருக்கிறது.

எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாற்றுச் செல்லின் வாக்குவோலில் பிஎச் சுமார் 2. அந்த மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம், அதே செல்லின் சைட்டோபிளாசத்தில் பிஎச் ஏறக்குறைய 7. ஐந்து படி வித்தியாசம்தானே என்று நினைக்காதீர்கள். பிஎச் கணக்கில் ஒரு படி என்றால் பத்து மடங்கு, ஐந்து படி என்றால் ஒரு லட்சம் மடங்கு! சாதாரணத் தாவரங்களின் வாக்குவோல் பம்புகளுக்கு இவ்வளவு தம் கிடையாது. எலுமிச்சைக்கு மட்டும் எப்படி முடிந்தது?

விடை வந்தது பழத்திலிருந்து அல்ல, பூவிலிருந்து. ஆம்ஸ்டர்டாமில் பெட்யூனியா பூக்களின் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், இதழ்ச் செல்லின் வாக்குவோலில் அமிலத்தைக் கூட்டுகிற ஒரு விசேஷ புரோட்டான் பம்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். பிஎச்1, பிஎச்5 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்தது அது. அது வேலை செய்தால் பூ சிவக்கும், கெட்டால் நீலம் பக்கம் சாயும். அதே பம்பின் பங்காளிகள்தான் எலுமிச்சையையும் புளிக்க வைக்கின்றன என்று 2019இல் நிரூபித்தார்கள். 'ஃபாரிஸ்' என்ற எலுமிச்சை ரகம் ஒரே மரத்தில் புளிப்புக் காயும் தரும், புளிப்பே இல்லாத இனிப்புக் காயும் தரும். இனிப்புக் காயில் இந்தப் பம்புக்கான மரபணுக்கள் அடங்கிக் கிடக்கின்றன. சர்க்கரை கூடிப்போய் அது இனிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அமிலம் உள்ளே ஏறாததால் இனிக்கிறது!

பூ என்றதும் இன்னொன்று. சில மார்னிங் குளோரி பூக்கள் மொட்டாக இருக்கும்போது ஊதா கலந்த சிவப்பு, விரிந்ததும் வானநீலம், தெரியுமா? நிறப்பொருள் மாறவில்லை, ஒரே ஆந்தோசயனின்தான். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் உயிருள்ள இதழ்ச் செல்லுக்குள்ளேயே நுண்மின்முனையைச் செருகி அளந்து 1995இல் சொன்னார்கள்: பூ விரியும்போது வாக்குவோலின் பிஎச் 6.6இலிருந்து 7.7க்கு ஏறுகிறது. புரோட்டானை வெளியே அனுப்பி, பதிலுக்கு உப்பு அயனிகளை உள்ளே எடுக்கும் ஒரு பரிமாற்றப் புரதம்தான் இதற்குக் காரணம் என்று 2000இல் தெரிந்தது. அது பழுதான செடியில் பூ நீலமாகவே ஆவதில்லை, ஊதாவோடு நின்றுவிடுகிறது. எலுமிச்சை புரோட்டானை உள்ளே அடைக்கிறது, மார்னிங் குளோரி வெளியே விரட்டுகிறது. அங்கே நாக்குக்குத் தெரிவது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு வயிறு உப்பி விழுந்துவிடும் என்று கரிசல்காட்டு விவசாயியிடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காரணம் சயனைடு. சோளத்துக்குள் அது சும்மா மிதந்துகொண்டிருந்தால் முதலில் சாவது சோளம்தான். அதனால் சோளம் அதை டுரின் என்ற சாதுவான பொருளாக்கி வாக்குவோலுக்குள் வைத்திருக்கிறது. அதை உடைத்துச் சயனைடைக் கிளப்பும் நொதி வேறிடத்தில். மாட்டின் பல் பட்டு இரண்டும் கலந்தால் தீர்ந்தது! டுரினை வாக்குவோலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடத்திப் புரதம் ஒன்றை 2016இல் அடையாளம் கண்டார்கள்.

இந்த வித்தையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் நித்யகல்யாணிக்கு வாருங்கள். சுடுகாட்டு மல்லி என்று தள்ளி வைக்கப்பட்ட செடி, மடகாஸ்கரிலிருந்து வந்தது. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் இதன் இலையில் இருக்கின்றன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் முன்வரிசை மருந்து. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். ஏன் இவ்வளவு சொற்பம்? அதன் தயாரிப்பு ஒரே இடத்தில் நடப்பதில்லை. இலையின் உள் செல்களில் தொடங்கி, மேல்தோல் செல்களுக்கு வந்து, அங்கே பாதை வாக்குவோலுக்குள் நுழைகிறது. வாக்குவோலுக்குள் ஸ்ட்ரிக்டோசிடின் என்ற இடைப்பொருள் உருவாகிறது. அதை உடைத்து அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும் நொதி எங்கே இருக்கிறது தெரியுமா? உட்கருவில்! ஆம், மரபணுக்கள் குடியிருக்கும் அதே உட்கருவில். பூச்சி கடித்துச் செல் கிழிந்தால் ஸ்ட்ரிக்டோசிடினும் நொதியும் ஒரேயடியாகச் சந்திக்கும், புரதங்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் வீரியமான பொருள் அங்கே பிறக்கும்.

செல் கிழியாத நல்ல நாளில் ஸ்ட்ரிக்டோசிடின் அளவோடு வெளியே வந்தாக வேண்டும். அந்தக் கடத்திப் புரதத்தை 2017இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் சாரா ஓகானரின் குழு கண்டுபிடித்தது. எப்படி என்றால், சந்தேகத்துக்குரிய மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். ஒன்றை அடக்கியதும் ஸ்ட்ரிக்டோசிடின் வாக்குவோலில் தேங்கித் தேங்கி இலைச் செல்களே செத்துப்போயின! ஒரு சின்னப் புரதம் வேலைநிறுத்தம் செய்தால் செடி தன் சரக்கில் தானே மூழ்குகிறது. இதே பாதையில் பின்னால் உருவாகும் காதராந்தின் என்ற பொருளை இன்னொரு புரதம் இலையின் மேற்பரப்பு மெழுகுக்கே தள்ளிவிடுகிறது என்று கனடாவில் 2013இல் காட்டியிருந்தார்கள். வின்பிளாஸ்டினின் ஒரு பாதி இந்தக் காதராந்தின்தான். ஈஸ்ட்டுக்குள் இந்த மரபணுக்களைப் போட்டு மருந்து வடிக்கப் பார்ப்பவர்கள் நொதிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் கடத்திப் புரதங்களையும் தேடி அலைவது இதனால்தான்.

செடியை விட்டு நம் உடம்புக்குள் வருவோம். மலைக்காதீர்கள்: நீங்கள் ஒரு நாளில் செலவழிக்கும் ஏடிபியின் எடை ஏறக்குறைய உங்கள் எடை! உடம்பின் எல்லா வேலைக்கும் செலாவணியான மூலக்கூறு அது. ஆனால் எந்த நொடியில் நிறுத்தி எடை போட்டாலும் உடம்பில் இருப்பது சில பத்துக் கிராம்கள்தான். அப்படியானால் ஒவ்வொரு மூலக்கூறும் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் முறை தீர்ந்து, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், நிரம்பி, வெளியே வந்தாக வேண்டும். அந்தப் போக்குவரத்து மொத்தமும் ஒரே வகைப் புரதத்தின் வழியே நடக்கிறது. காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிரம்பிய சிலிண்டர் என்கிற கேஸ் ஏஜென்சிக் கணக்கு இதற்கு: ஒரு ஏடிபி வெளியே வர, ஒரு பாஸ்பேட் குறைந்த 'தீர்ந்த' மூலக்கூறு ஒன்று உள்ளே போக வேண்டும். இருதயத்து மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் புரதம் இதுதான்.

இந்தப் புரதத்தை நமக்குக் காட்டிக்கொடுத்தவை இரண்டு நஞ்சுகள், தெரியுமா? ஜாவாவில் தேங்காய்ப் பிண்ணாக்கை நொதிக்க வைத்துச் செய்யும் 'தெம்பே போங்க்ரெக்' என்ற ஏழைகளின் பலகாரம் ஒன்று உண்டு. நொதித்தல் கெட்டு வேறொரு பாக்டீரியா புகுந்துவிட்டால் அதில் போங்க்ரெக் அமிலம் உண்டாகும். சாப்பிட்டவர்கள் கும்பலாகச் செத்தார்கள். 1988இல் இந்தோனேசிய அரசு அந்தப் பலகாரத்துக்கே தடை போட்டது. அங்கிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு முட்செடி. அதன் வேரைத் தின்றாலும் சாவுதான், காரணம் அட்ராக்டைலோசைடு. பாக்டீரியா எங்கே, முட்செடி எங்கே! இரண்டும் குறிவைத்தது ஒரே புரதத்தை. ஒன்று உள்பக்கத்திலிருந்து அதை இறுக்குகிறது, மற்றொன்று வெளிப்பக்கத்திலிருந்து. நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும் புரதத்தைப் படம் பிடிக்க முடியாமல் திணறியவர்களுக்கு இந்தக் கொலைகார நஞ்சுகளே கைகொடுத்தன. முட்செடி நஞ்சின் உறவான ஒரு பொருளால் உறையவைத்து 2003இல் பிரான்ஸின் கிரெனோபிளில் ஒரு நிலையைப் பார்த்தார்கள். போங்க்ரெக் அமிலத்தால் உறையவைத்து 2019இல் கேம்பிரிட்ஜ் குழு மறுநிலையைப் பார்த்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தபோதுதான் இது ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறக்கும் விதம் பிடிபட்டது.

இதே பண்டமாற்று இலையிலும் நடக்கிறது. பகலில் பசுங்கணிகம் தயாரிக்கும் மூன்று கார்பன் சர்க்கரைப் பாஸ்பேட் வெளியேற வேண்டுமானால் ஒரு பாஸ்பேட் உள்ளே வந்தாக வேண்டும். வெளியே பாஸ்பேட் பற்றாக்குறை என்றால் சரக்கு உள்ளேயே தங்கி மாவுச்சத்தாக உறையும். நேற்றுச் சாப்பிட்ட சோற்றின் கார்பனில் பெரும்பங்கு ஏதோ ஒரு நெல் இலையில் இந்த வழியாக வந்ததுதான்.

ஏடிபியைக் கடத்தும் அந்த மைட்டோகாண்ட்ரியப் புரதத்தின் குடும்பத்தில் மனிதருக்கு 53 உறுப்பினர்கள். அதில் ஒரு விசித்திரப் பிறவி யூசிபி1. சரக்கைக் கடத்தாது, புரோட்டானைக் கசியவிட்டு வெப்பம் உண்டாக்கும். பிறந்த குழந்தை நடுங்காமலே உடம்பைச் சூடாக வைத்திருப்பது இதன் தயவில். பன்றி இனம் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மரபணுவைத் தொலைத்துவிட்டது. பன்றிக்குட்டிகள் பிறந்ததும் வெடவெடவென்று நடுங்குவதற்கும், காட்டுப்பன்றி குட்டி போடுமுன் கூடு கட்டுவதற்கும் காரணம் புரிகிறதா?

அதே குடும்பத்தின் சிட்ரின் இன்னும் வேடிக்கை. சோறும் இனிப்பும் வேண்டாம், வேர்க்கடலையும் பருப்பும் பாலும் கொடு என்று குழந்தை அடம்பிடித்தால் நாம் செல்லம் என்போம். சிட்ரின் பழுதுபட்டுப் பிறந்தவர்கள் அப்படித்தான் தின்கிறார்கள்! அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்தை ஈரலின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியே கொண்டுவரும் புரதம் சிட்ரின். அது இல்லாவிட்டால் சர்க்கரையைச் செரித்து முடிப்பதும் அம்மோனியாவை யூரியாவாக்கிக் கழிப்பதும் தடுமாறும். மாவுச்சத்து தனக்கு ஆகாது என்று யாரும் சொல்லாமலே அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மரபணுவை 1999இல் ஜப்பானின் காகோஷிமாவில் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட நோயாளிக்குப் பழக்கதோஷத்தில் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினால் நிலைமை மோசமாகிவிடலாம்.

இவ்வளவு முக்கியமானவற்றை எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைப்போம். பைருவேட் என்ற மூலக்கூறை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் விடும் புரதம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1970களிலேயே தெரியும். ஆள் அகப்பட்டது 2012இல்! என்ஏடி என்ற மூலக்கூறை உள்ளே கொண்டுபோவது 2020இல், குளூட்டாதயோன் என்பதைக் கொண்டுபோவது 2021இல். பாடப்புத்தகத்தில் அம்புக்குறி மட்டும் போட்டுச் சமாளித்த காலம் அது.

சர்ப்பகந்தா வேரை நம் நாட்டு வைத்தியர்கள் பித்துப் பிடித்தவர்களைத் தணிக்கக் கொடுத்து வந்தார்கள். கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் அதைப் பற்றி எழுதினார்கள். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ரத்தக்கொதிப்புக்கு அதன் பலனை விவரித்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் ரெசர்பின் என்ற சத்து பிரிக்கப்பட்டது. அது என்ன செய்கிறது தெரியுமா? நரம்பு முனைகளில் டோபமின், நார்அட்ரினலின், செரட்டோனின் ஆகியவற்றை நுண்பைகளுக்குள் ஏற்றும் கடத்திப் புரதத்தை அடைத்துவிடுகிறது. இரண்டு புரோட்டான்களை வெளியே விட்டு ஒரு மூலக்கூறை உள்ளே எடுக்கும் இந்தப் புரதம், வெளியே இருப்பதைப்போல் ஒரு லட்சம் மடங்குவரை உள்ளே குவிக்க வல்லது. (மறுபடியும் அதே ஒரு லட்சம்!) அது நின்றால் பைகள் காலி, நரம்பு அனுப்பச் சரக்கில்லை, ரத்த அழுத்தம் இறங்குகிறது. மருந்து உண்டவர்களில் சிலர் காரணமின்றிச் சோர்ந்து போனார்கள். மனச்சோர்வுக்கும் இந்த மூலக்கூறுகளுக்கும் தொடர்பு இருக்குமோ என்று மருத்துவ உலகம் யோசிக்க ஆரம்பித்ததில் சர்ப்பகந்தாவுக்குப் பங்குண்டு.

வெள்ளைப்புலி? அதுவும் இந்தக் கதைதான். நிறத் துணுக்குகளின் சவ்வில் இருக்கும் ஒரு கடத்திப் புரதத்தில் 477ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றே ஒன்று மாறியது, மஞ்சள் போய்விட்டது. கறுப்பு வரி மட்டும் தப்பித்தது. 2013இல் சீனாவில் கண்டறிந்தார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது சிஸ்டினோசிஸ் என்ற நோயின் கதை. செல்லில் பழைய புரதங்களை அரைத்துப் போடும் லைசோசோமிலிருந்து சிஸ்டின் என்ற அமினோ அமிலம் வெளியேற ஒரு புரதம் வேண்டும். அந்த மரபணு கெட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சிஸ்டின் உள்ளேயே சேர்ந்து படிகமாகிவிடும். முதலில் சிறுநீரகம் பழுதாகும், கருவிழியில் படிகம் மின்னும், வெளிச்சம் கண்ணைக் கூசும். பழுதான வழியைத் திறக்க முடியவில்லை. ஆனால் சிஸ்டியாமின் என்ற எளிய மருந்தைக் கொடுத்தால் தேக்கம் வடிகிறது! எப்படி? அது உள்ளே போய்ச் சிஸ்டினைப் பாதியாகப் பிளந்து, ஒரு பாதியோடு தானே ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டுப்பொருள் தோற்றத்தில் லைசின் என்ற வேறொரு அமினோ அமிலத்தைப்போல் இருக்கிறது. லைசினை வெளியேற்றும் புரதம் ஏமாந்துபோய் இதையும் வெளியே விட்டுவிடுகிறது. மருந்து 1970களிலிருந்து நோயாளிகளிடம் பயன்பட்டு வந்தது. ஏமாறும் அந்தப் புரதம் எது என்று பெயர் சொல்ல முடிந்தது 2012இல்தான்.

இதில் ஒரு தொல்லை: லைசோசோம் சில மணி நேரத்தில் மறுபடியும் நிரம்பத் தொடங்கிவிடும். அதனால் பழைய மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். மெதுவாகக் கரையும் புது வடிவம் 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகே பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ஆனது. அப்போதும் கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாதே, மாத்திரை அங்கே எட்டாது. அதற்கென்று சிஸ்டியாமின் சொட்டு மருந்து தனியாக உண்டு, அதில் ஒரு வகையை விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு சொட்டு விட வேண்டும்.